மரண கானாவுக்கு மியூசிக் வீடியோ எடுத்தேன், 'இது டாக்குமெண்டரி' என்கிறார்கள்

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடம் படிக்கிறேன். புராஜெக்டுக்கு ஒரு மியூசிக் வீடியோ எடுத்து முடித்தாயிற்று. 4 நிமிடம் 12 விநாடி. அதோடு ஒரு கட்டுரையும் கொடுக்க வேண்டும். கேள்வி இதுதான்: 'உங்கள் வீடியோ அதன் வகைமை மரபுகளை எங்கே பின்பற்றுகிறது, எங்கே மீறுகிறது?' வெள்ளிக்கிழமை கடைசி நாள். வீடியோ எடுத்ததை விட இந்தக் கட்டுரைதான் படுத்துகிறது.

மார்க் வரும்வரை வெளியே போடக் கூடாது என்பதால் லிங்க் தர முடியவில்லை. அதனால் எழுத்திலேயே சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், வியாசர்பாடி பக்கம். வயது அறுபதுக்கு மேல். பகலில் மீன்பாடி வண்டி ஓட்டுவார், ராத்திரி யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் கூப்பிட்டு அனுப்புவார்கள், போய்க் கானா பாடுவார். அவர் பாடும் மரண கானா ஒன்றுக்குத்தான் வீடியோ எடுத்தேன். உடம்பு ஒரு வாடகை வீடு, வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான் பாட்டு. 'அட்வான்ஸ் கேட்டா தரமாட்டான், ஆணி அடிச்ச செவுத்துக்கும் கணக்கு பாப்பான்' என்று ஒரு வரி வரும். அதைக் கேட்ட அன்றே இதுதான் புராஜெக்ட் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், டியூப் லைட். நடுவில் மாலை போட்ட ஒரு காலி நாற்காலி. எதிரே பெரியவர், டோலக் அடிக்கும் அண்ணன், ஆர்மோனியக்காரர். கேமரா கிட்டத்தட்ட ஒரே இடம்தான்.

கட்டுரையில் இதுவரை எழுதியது: கானா வீடியோ என்றால் குழு நடனம், எல்லோருக்கும் ஒரே நிற டீஷர்ட், கூலிங்கிளாஸ், பைக், கடற்கரை மேல் ட்ரோன், ஸ்லோமோஷனில் நடந்து வருவது. இதில் எதுவுமே என் வீடியோவில் இல்லை, எனவே மரபை மீறியிருக்கிறேன். பாடகருக்கு குளோசப் வைத்திருக்கிறேன், பாட்டில் ஆணி என்று வரும்போது சுவரில் ஆணியைக் காட்டியிருக்கிறேன், எனவே மரபைப் பின்பற்றியும் இருக்கிறேன்.

வழிகாட்டி ஆசிரியர் ரஃப் கட்டை, அதாவது முதல் எடிட்டைப் பார்த்துவிட்டு, 'இது டாக்குமெண்டரி மாதிரி இருக்கிறதே, மியூசிக் வீடியோ எங்கே?' என்றார். மீறியிருக்கிறேன் என்று சொன்னேன். 'மீறுவதற்கு முதலில் உள்ளே இருக்க வேண்டும்மா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியம் மூன்று நாளாகத் தூங்க விடவில்லை. என்ன பதில் சொல்வது?

சும்மாபார்ப்பவன் | ஞாயிறு, இரவு 11.41

மார்க் போடுகிறவருக்கு எது பிடிக்குமோ அதை எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள். விஸ்காம் முடித்தவன் சொல்கிறேன், அந்தக் கட்டுரையை யாரும் இரண்டாம் பக்கம் திருப்ப மாட்டார்கள்.

ரீல்பெட்டி | திங்கள், காலை 6.15

தம்பி, ஒரே ஒரு கேள்வி. பதிவு செய்த பாட்டை பிளேபேக் ஓட்டி வாயசைக்க வைத்து எடுத்தாயா, லைவா பாட வைத்து எடுத்தாயா? அதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய்.

கடைசிபெஞ்ச் | திங்கள், காலை 8.02

அண்ணா, நான் தங்கை. :)

அது ஒரு பெரிய கதை. முறைப்படிதான் ஆரம்பித்தோம். நண்பன் ரூமில் மெத்தையை நிறுத்தி வைத்து, மைக் வாடகைக்கு எடுத்து, பாட்டை முதலில் பதிவு செய்தோம். ஒரு வாரம் கழித்து ஷூட். ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டை ஓட்டி, 'பெரியப்பா, இதுக்கு வாயசைங்க' என்றோம்.

அவருக்கு வரவேயில்லை. முதல் டேக்கில் பேசாமல் நின்றுவிட்டு, 'இவன் யாரு, என் பாட்டை எனக்கு முன்னாடியே பாடுறான்?' என்றார். இரண்டாவது டேக்கில் பாட்டு முதல் சரணத்தில் இருக்கும்போது அவர் மூன்றாவது சரணத்தில் இருந்தார். ஆறாவது டேக்கில் புதிதாக ஒரு வரியே போட்டுவிட்டார், எங்கள் கேமராக்காரப் பெண்ணின் பெயரை வைத்து. சாவு வீட்டில் செத்தவர் பெயர், மகன் பெயர், மருமகள் பெயர் எல்லாம் வைத்துத்தான் பாடுவாராம், ஒரே பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரி பாடினதே இல்லையாம். எட்டு மணிக்கு ஆரம்பித்தது, பதினொன்றரைக்கு நாங்கள் கைவிட்டோம்.

அப்புறம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அவர் பாட்டுக்குப் பாடட்டும் என்று விட்டோம். சட்டைக்குள் ஒரு லேப்பல் மைக், ஷாமியானா கம்பில் ஒரு ரெக்கார்டர். அந்த டேக்தான் வீடியோ. நடுவில் ஐந்தே இன்சர்ட், தனியாக எடுத்துச் செருகின சின்ன ஷாட். வேறு டேக்குக்கு வெட்டிப் போகவே முடியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு டேக்கும் வேறு பாட்டு.

ரீல்பெட்டி | திங்கள், காலை 8.30

மன்னிக்கவும் தங்கச்சி.

இப்போது விஷயம் வருகிறது பார். உன் கட்டுரையில் டீஷர்ட் இல்லை, ட்ரோன் இல்லை என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறாய். அதெல்லாம் மேல்பூச்சு. நீ மீறியது அடியில் இருக்கிற ஒன்றை. மியூசிக் வீடியோ என்கிற பண்டமே பிளேபேக்கில் நிற்கிறது. பாட்டு முதலில் பிறந்துவிடும், படம் அதற்குப் பின்னால் வரும். படத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், பாட்டில் கை வைக்க முடியாது.

எங்கள் காலத்தில் பாட்டு ஷூட்டிங் என்றால் நாக்ரா டேப் ரெக்கார்டரில் பாட்டை ஓட்டுகிறவர் இல்லாமல் டான்ஸ் மாஸ்டர் செட்டுக்குள் கால் வைக்க மாட்டார். நீ சொல்கிற ஸ்லோமோஷன் நடை இருக்கிறதே, அதிலும் இதே கதைதான். விநாடிக்கு 50 ஃப்ரேம் எடுத்து 25-இல் ஓட்டினால் நடை பாதி வேகமாகிவிடும், ஆனால் வாய் பாட்டோடு பொருந்த வேண்டும். அதனால் செட்டில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவோம். ஹீரோ எலிக்குரலுக்கு ஏற்ற மாதிரி படபடவென்று வாயசைத்துக்கொண்டே நடப்பார். நேரில் பார்த்தால் சிரிப்பு வரும், திரையில் கம்பீரமாக இருக்கும். படம் பாட்டுக்கு எவ்வளவு அடிமை என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

உன் பெரியப்பா அந்த அடிமைத்தனத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதை எழுதாமல் டீஷர்ட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாய்!

மணிக்கூண்டு | திங்கள், பகல் 1.10

மேலே எல்லோரும் நல்லா பேசுகிறீர்கள். நான் ராயபுரத்துக்காரன், சின்ன வயதில் இருந்து கானா கேட்டு வளர்ந்தவன். எனக்கு முதல் பதிவிலேயே ஒரு வருத்தம்.

தங்கச்சி, 'கானாவின் மரபு' என்று நீங்கள் போட்ட பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ட்ரோன், கூலிங்கிளாஸ், ஸ்லோமோஷன். இது எப்போதிலிருந்து கானாவின் மரபு? யூடியூபுக்கு வந்து பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். அதற்கு முன்னால் சினிமா கொடுத்த வேஷம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் தேவா கானாவைப் பட்டிதொட்டி எல்லாம் கொண்டுபோனார், 'காதல் கோட்டை'யில் (1996) அவரே பாடின 'கவலைப்படாதே சகோதரா' யாருக்குத் தெரியாது? அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சினிமாவுக்குள் போன கானா பெரும்பாலும் ஹீரோவும் நண்பர்களும் குடித்துவிட்டு ஆடுகிற பாட்டாகவோ, காதல் தோல்விப் பாட்டாகவோ ஆகிவிட்டது. 2006-இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதனையே கூட்டி வந்து 'வாள மீனு' பாட வைத்தார்கள், ஊரே ஆடியது. 2012-இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா வந்தார். இப்படித்தான் வெளியே இருப்பவர்களுக்குக் கானா என்றால் ஆட்டம் என்று பதிந்தது.

துறைமுகத்திலும் பின்னி மில்லிலும் வேலை பார்த்த ஜனங்கள், பெரும்பாலும் தலித் மக்கள், இந்தப் பக்கம் வளர்த்த பாட்டு இது. அங்கே உட்கார்ந்துதான் பாடுவார்கள். சாவு வீட்டில் ராத்திரி முழுக்க, பிணம் எடுக்கிற வரை ஜனம் தூங்காமல் இருக்க வேண்டும், அழுது அழுது களைத்தவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் வேண்டும், நடுவில் ஒரு சிரிப்பும் வேண்டும். டோலக், தபேலா, ஆர்மோனியம். இல்லாவிட்டால் தகர டப்பா. பாடுகிறவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, செத்தவரைப் பார்த்துப் பாடுவார்.

இப்போது உங்கள் வீடியோவைப் பாருங்கள். ஆட்டம் இல்லை, ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடுகிறார், வரிகள் அந்த நேரத்தில் வருகின்றன. நீங்கள் எந்தக் கானா மரபையும் மீறவில்லை. அச்சு அசலாக அதைப் பின்பற்றியிருக்கிறீர்கள். நீங்கள் மீறியது எங்கள் மேல் சினிமா போட்ட சட்டையை. 'கானாவை மீறினேன்' என்று எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கானா என்றாலே கூத்து, ஒரு படித்த பெண் வந்து அதை அமைதியாக்கினாள் என்று நினைப்பார்கள். அது சரியில்லை.

மட்டுறுத்துநர் | திங்கள், பகல் 2.05

கானா 'இசையா இல்லையா' என்று ஆரம்பித்த ஒரு பதிவும் அதற்கு வந்த பதில்களும் நீக்கப்பட்டுள்ளன. அந்த விவாதத்துக்கு இங்கே இடமில்லை. தொடருங்கள்.

கடைசிபெஞ்ச் | திங்கள், மாலை 5.30

மணிக்கூண்டு அண்ணா, உண்மையிலேயே வெட்கமாக இருக்கிறது. நானும் அதே தெருவில் பிறந்தவள்தான், வெளியிலிருந்து வந்த படித்த பெண் இல்லை. ஆனால் வகுப்பில் 'வகைமை மரபுகளைப் பட்டியலிடு' என்று சொன்னதும் யூடியூபைத் திறந்து இருபது வீடியோ பார்த்துப் பட்டியல் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே கேட்கிறதைப் பட்டியலில் சேர்க்கத் தோன்றவேயில்லை.

ஹாரோக்காரன் | திங்கள், இரவு 9.48

இங்கே லண்டனிலிருந்து ஒரு குரல். தங்கச்சி, உங்கட கேள்வியைப் பார்த்ததும் எனக்குப் பழைய நடுக்கம் வந்துவிட்டது. இங்கே ஏ லெவல் (பள்ளிக் கடைசிப் பரீட்சை) மீடியா பாடத்தில் நாங்களும் மியூசிக் வீடியோ செய்தோம், பிறகு இதே கேள்விக்கு விடை எழுதினோம்: உன் படைப்பு உண்மையான படைப்புகளின் மரபுகளை எப்படிப் பயன்படுத்துகிறது, வளர்க்கிறது அல்லது சவால் விடுகிறது. நடுவில் ஒரு 'வளர்க்கிறது' இருக்கிறது, கவனியுங்கள். உங்கட தாளில் அது விடுபட்டதால்தான் பின்பற்றினேனா மீறினேனா என்று இரண்டு பெட்டிக்குள் அடைபட்டு நிற்கிறீர்கள்.

எங்களுக்கு ஓதித் தந்தது ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் எழுதியது. வரிக்கும் படத்துக்கும் மூன்று விதமான உறவு இருக்கலாம் என்கிறார். வரியில் வருவதை அப்படியே காட்டுவது ஒன்று. வரியில் இல்லாத புது அர்த்தத்தைப் படம் சேர்ப்பது இன்னொன்று. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் விடுவது மூன்றாவது. உங்கட ஆணி முதலாவது வகை, கொஞ்சம் பள்ளிக்கூடத்தனமாக இருக்கிறது, கோபிக்க வேண்டாம். ஆனால் மாலை போட்ட காலி நாற்காலி இரண்டாவது வகை. வீடு காலி என்று அவர் பாடுகிறார், நீங்கள் நாற்காலியைக் காலியாக வைக்கிறீர்கள். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் கூட இல்லையே!

மணிக்கூண்டு அண்ணை சொன்னதற்கும் ஒரு கோட்பாடு உண்டு. ரிக் ஆல்ட்மன் என்பவர் 1984-இல் சினிமா வகைமைகளைப் பற்றி எழுதினார். ஒரு வகைமையை இரண்டு விதமாகப் பார்க்கலாம். அதில் வரும் பொருட்களை வைத்துப் பார்க்கலாம், அல்லது அந்தப் பொருட்கள் கோக்கப்பட்டிருக்கும் விதத்தை வைத்துப் பார்க்கலாம். வெஸ்டர்ன் என்றால் குதிரை, துப்பாக்கி, தொப்பி என்பது முதலாவது. ஊருக்கும் காட்டுக்கும் நடுவில் ஒருவன் நிற்கிறான் என்பது இரண்டாவது. உங்கட பட்டியல் முழுக்கக் குதிரையும் தொப்பியும். செத்தவர், பாடுபவர், சுற்றி இருக்கும் சனம் என்ற மூன்று முனையும் கோக்கப்பட்ட விதம்தான் மரண கானா. அதை நீங்கள் தொடவேயில்லை, பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

ரீல்பெட்டி அண்ணை சொன்ன வாயசைப்புக்கு ஒரு கதை. இங்கே பிபிசியில் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்றொரு நிகழ்ச்சி இருந்தது, போய் வாயசைத்துவிட்டு வர வேண்டும். 1991-இல் நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழு போனார்கள். குரல் மட்டும் லைவ், வாத்தியம் எல்லாம் பதிவு செய்த சத்தம். அவர்களின் பாடகர் கர்ட் கோபேன் வேண்டுமென்றே கட்டைக் குரலில் இழுத்து இழுத்துப் பாடினார், கிட்டாரைச் சும்மா தடவினார், பார்க்கிறவர்களுக்கு இது நாடகம் என்று தெரியட்டும் என்று. உங்கட பெரியப்பா கேலிக்காகச் செய்யவில்லை, அவருக்கு அது உண்மையாகவே முடியவில்லை. எனக்கு இவர்தான் பெரிய ஆளாகத் தெரிகிறார்.

கிள்ளான்வாசி | செவ்வாய், காலை 7.20

மலேசியாவிலிருந்து. ரீல்பெட்டி சார் சொல்வதில் ஒரு சிறிய மறுப்பு. லைவாகப் பாடி ஒரே டேக்கில் எடுப்பது புதிது இல்லையே? பாரிஸில் லா ப்ளொகொதெக் என்ற குழு 2006-இலிருந்து பாடகர்களைத் தெருவுக்குக் கூட்டிப்போய் அப்படித்தான் எடுக்கிறது, டேக் அவே ஷோ என்று பெயர். அமெரிக்காவில் என்பிஆர் ரேடியோவின் டைனி டெஸ்க் 2008-இல் ஆரம்பித்தது, அலுவலக மேசைக்குப் பின்னால் நின்று பாடுவார்கள். லைவ் செஷன் என்று அதுவே தனி வகைமையாகி, அதற்கும் மரபுகள் வந்துவிட்டன: புத்தக அலமாரி, மஞ்சள் விளக்கு, கால்மேல் கால் போட்ட கிட்டார்காரர். ஆகவே கடைசிபெஞ்ச் மியூசிக் வீடியோவிலிருந்து வெளியே வரவில்லை, ஒரு அறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார். இதைச் சொன்னால் 'உள்ளே இருக்க வேண்டும்' என்ற ஆசிரியருக்கும் பதில் கிடைத்துவிடும்.

இன்னொன்று. மரபு என்பது எவ்வளவு சீக்கிரம் பிறக்கிறது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். 2006-இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது தமிழில் ராப் என்பதே எங்கள் பெரியவர்களுக்கு மரபு மீறல். இன்று சினிமாவில் ராப் இல்லாத ஹீரோ அறிமுகம் உண்டா? பள்ளிக்கூட ஆண்டுவிழாவிலேயே வந்துவிட்டது.

ரீல்பெட்டி | செவ்வாய், காலை 9.05

கிள்ளான்வாசி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. டைனி டெஸ்க்கில் பாடுபவர் ஏற்கனவே பதிவு செய்த தன் பாட்டை இன்னொரு மாதிரி பாடிக் காட்டுகிறார். கேட்பவனுக்கு அசல் எது என்று தெரியும். இந்தப் பெரியவருக்கு அசல் என்று ஒன்றே கிடையாது. அன்று ராத்திரி பாடினதுதான் அந்தப் பாட்டு.

அப்புறம், அந்த 'டாக்குமெண்டரி' குற்றச்சாட்டு. காலையில் பல் துலக்கும்போது தோன்றியது. யாரும் சாகவில்லையே அம்மா! ஷாமியானா வாடகைக்கு எடுத்தது, மாலை நீங்கள் வாங்கினது, நாற்காலி காலி, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் தெருக்காரர்கள். முழுக்க முழுக்க அரங்கேற்றம். டாக்குமெண்டரி என்றால் நிஜ சாவு வீட்டில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். இதில் நிஜமாக நடந்தது பாட்டு ஒன்றுதான். மற்ற மியூசிக் வீடியோக்களில் தலைகீழாக இருக்கும்: ஆட்டமும் வியர்வையும் அங்கே நிஜம், வாயில் வருகிற பாட்டு மட்டும் பொய். இதை இரண்டு வரியில் எழுதிக் கொடு, யார் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம்.

மணிக்கூண்டு | செவ்வாய், பகல் 12.40

ரீல்பெட்டி அண்ணே, இது சூப்பர்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். சாவு இல்லாமல் சாவு வீடு போடுவதை அந்தத் தெருவில் ஒத்துக்கொண்டார்களா? எங்கள் பக்கம் மேளச் சத்தம் கேட்டாலே 'யாரு போனது' என்று ஓடி வருவார்கள். சும்மா மாலை போட்ட நாற்காலி வைத்தால் கிழவிகள் துடைப்பத்தோடு வந்திருப்பார்களே?

கடைசிபெஞ்ச் | செவ்வாய், இரவு 10.15

வந்தார்கள்! நான் முதலில் நினைத்தது காலி நாற்காலி இல்லை அண்ணா. ஒரு போட்டோ வைத்து மாலை போடுவதாகத்தான் இருந்தது. யார் போட்டோ வைப்பது? உயிரோடு இருப்பவர் போட்டோவுக்கு மாலை போடக் கூடாது. செத்தவர் போட்டோ என்றால் அந்த வீட்டில் கேட்க வேண்டும், அவர்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். நெட்டிலிருந்து எவரோ ஒருவர் படத்தை எடுக்கலாம் என்று நண்பன் சொன்னான். எதிர்வீட்டு ஆயா நேராக வந்து நின்று, 'எவன் மூஞ்சியும் வெக்காதீங்கடி, சேரை மட்டும் வையுங்க, யாருக்கு வேணுமோ அவங்க உக்காந்துக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால்தான் காலி நாற்காலி. ஹாரோ அண்ணா அதைப் பாராட்டினதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. அது என் ஐடியா இல்லை, ஆயாவுடையது. கட்டுரையில் இதை எப்படி எழுதுவது? 'இயக்குநர் எதிர்மறை வெளியைப் பயன்படுத்தியுள்ளார்' என்றா?

ஹாரோக்காரன் | செவ்வாய், இரவு 11.30

அப்படியே எழுதுங்கள், ஆயா சொன்னதாகவே. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடக் கூடாது என்பதும் ஒரு மரபுதானே? மியூசிக் வீடியோ மரபு இல்லை, தெருவின் மரபு. அதற்குக் கட்டுப்பட்டதால் உங்கட ஷாட் மாறியது. நான் மார்க் போடுபவனாக இருந்தால் இந்த ஒரு பத்திக்கே முழு மார்க் போடுவேன்.

கிள்ளான்வாசி | புதன், காலை 7.05

கேட்க நினைத்தேன். பாடும் இடத்தில் ஆண்கள் மட்டும்தானா? எடுத்த குழுவில் பெண்கள் இருக்கிறீர்கள் போலத் தெரிகிறது, அதுவே பேச வேண்டிய விஷயம் இல்லையா?

மணிக்கூண்டு | புதன், காலை 10.20

இருக்கிறது. கானா பாடுவது பெரும்பாலும் ஆண்கள்தான், அதிலும் மரண கானா ராத்திரி சமாச்சாரம். இசைவாணி வந்துதான் வெளியே தெரிகிற மாதிரி உடைத்தார். பா. இரஞ்சித் முன்கையெடுத்து, தென்மா இசையமைத்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடினவர், 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். மரபு மீறல் என்று எழுத வேண்டுமானால் அதைத்தான் எழுத வேண்டும். தங்கச்சி கேமராவுக்குப் பின்னால் இருந்ததைப் பெரிய மீறலாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம், பெண்கள் ஷாமியானாவுக்குள் எப்போதும் இருந்தவர்கள்தான். கோபம் இல்லை, கணக்கு சரியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

'மெட்ராஸ்' (2014) படத்தில் வரும் 'இறந்திடவா நீ' இன்னொரு முறை பாருங்கள். சினிமாவுக்குள்ளேயே சாவு வீட்டுக் கானா வந்திருக்கிறது. 'யாரும் செய்யாததை நான் செய்தேன்' என்று எழுதிவிடாதீர்கள், யாராவது அதை எடுத்துக் காட்டிவிடுவார்கள்.

சும்மாபார்ப்பவன் | புதன், மாலை 4.00

இரண்டாம் பக்கம் யாரும் திருப்ப மாட்டார்கள் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நான் இந்த இழையை மூன்றாவது முறையாகப் படிக்கிறேன்.

ரீல்பெட்டி | புதன், இரவு 8.45

தங்கச்சி, டெக்னிக்கலாக ஒன்று. டியூப் லைட் என்று சொன்னாய். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட் விநாடிக்கு நூறு முறை மினுக்கும். கேமராவை 25 ஃப்ரேமில் வைத்து ஷட்டரை 1/50-இல் வைத்தால் தப்பித்தோம். 30 ஃப்ரேம், 1/60 என்று போனால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். மெயின் கேமரா சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். செல்போனில் எடுத்தது ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடு. பட்டை ஒரு பக்கம், போன் ஃப்ரேம் ரேட்டை அதுவாக மாற்றிக்கொண்டே இருக்கும், நான்கு நிமிடப் பாட்டில் கடைசிக்கு வரும்போது வாயும் சத்தமும் விலகிப் போகும்.

கடைசிபெஞ்ச் | வியாழன், இரவு 9.30

கட்டுரை எழுதி முடித்துவிட்டேன். பட்டியல் மொத்தமும் போய்விட்டது. பிளேபேக் வேலைக்கு ஆகாத அந்த ராத்திரியிலிருந்து ஆரம்பித்து, ஆயாவின் நாற்காலியில் முடித்திருக்கிறேன். 'கானாவை மீறினேன்' என்ற வரி இல்லை. 'சினிமாவிலிருந்தும் யூடியூபிலிருந்தும் வந்த கானா வீடியோ மரபை விட்டு, மரண கானாவின் சொந்த மரபுக்குப் போக முயன்றேன். அதற்காக மியூசிக் வீடியோவின் அடிப்படை மரபான பிளேபேக்கை விட வேண்டியிருந்தது' என்று இருக்கிறது. யாரும் சாகவில்லை என்ற ரீல்பெட்டி அண்ணாவின் வாதத்தை அப்படியே சுட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

ஆனால் இப்போது புதிதாக ஒரு வம்பு. சாயந்திரம் பெரியவரிடம் லேப்டாப்பில் காட்டினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முழுதும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், 'என்னையே காட்டிக்கினு இருக்கியேம்மா, டோலக்கு யாரு அடிச்சது?' என்றார்.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். 4 நிமிடம் 12 விநாடியில் டோலக் அண்ணன் முகம் ஒரு இடத்தில்கூட இல்லை. கை வருகிறது, முழங்கால் வருகிறது, முகம் இல்லை. அவர் அடியை மாற்றும்போதுதான் பெரியவர் அடுத்த சரணத்துக்கே போகிறார், எனக்கு அது எடிட்டிங்கில் நன்றாகத் தெரியும். இருந்தும் பாடகருக்குத்தான் குளோசப் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன், 'பின்பற்றிய மரபு' என்று பெருமையாக வேறு எழுதியிருந்தேன்.

மெயின் கேமராவில் அவர் முகம் எடுக்கவே இல்லை. செல்போனில் மட்டும் 40 விநாடி இருக்கிறது. பட்டை ஓடுகிறது.

ஹாரோக்காரன் | வியாழன், இரவு 9.52

குட்வின் பட்டியலில் அதுவும் உண்டு. பாடகர் முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொல்வது இசைக் கம்பனிகள், முகம்தான் அவர்களுக்கு விற்பனைச் சரக்கு. உங்களிடம் கம்பனியே இல்லை, இருந்தும் அதன் சொல்லைக் கேட்டிருக்கிறீர்கள்.

மணிக்கூண்டு | வியாழன், இரவு 10.01

பெரியவர் சரியாகப் பிடித்துவிட்டார். கானா பார்ட்டியில் டோலக்காரர் கோபித்துக்கொண்டு போனால் அன்று ராத்திரி அவ்வளவுதான்.

ரீல்பெட்டி | வியாழன், இரவு 10.10

பட்டையோடு போடு. நான் நேற்றுச் சொன்னதை மறந்துவிடு. ஃப்ரேம் ரேட்டை மட்டும் முதலில் 25-க்கு நிலையாக மாற்றிக்கொள், சத்தத்தை ரெக்கார்டரிலிருந்தே எடு. பொருத்துவதற்கு வாயைப் பார்க்காதே, அவர் கை டோலக்கில் விழுகிற இடத்தைப் பார். மூன்றாவது நிமிடத்துக்கு மேல் விலகினால் ஃபைலை எனக்கு அனுப்பு, ஒரு மணி வரை விழித்திருப்பேன்.

கடைசிபெஞ்ச் | வெள்ளி, அதிகாலை 1.35

அனுப்பியிருக்கிறேன் அண்ணா. 3.08-இல் ஒரு அடி தள்ளி விழுகிறது. ஆணி ஷாட்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில்தான் அவர் முகத்தை வைத்திருக்கிறேன்.